பின்மரத்துக் கடைசி முடிச்சு

நூல் கோர்த்தாகிவிட்டது. கண்ணாடி மாட்டியாகிவிட்டது. மேசை விளக்கை என் மாதிரிக் கப்பலின் பின்பக்கத்துக்கு நேராக இழுத்து வைத்தாகிவிட்டது. இனிமேல் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று கையைத் தூக்கும்போதே, நூல் கொஞ்சம் வெளுத்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வருகிறது. வெளுக்கவில்லை. நேற்று நானே டீ டிகாக்‌ஷனில் ஊறப்போட்டு, கொடியில் காயவைத்து எடுத்த நூல்தான். மற்றக் கயிறுகள் என்ன நிறமோ அதே நிறம். இருந்தாலும் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். வேதா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் காலையிலேயே யாழினியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அக்குளில் இருந்த கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், அதன் முடிவு இன்றைக்கு. நான் கூடப் போகவில்லை. போகக் கூடாது என்று உத்தரவு. "நீங்க வந்தா அந்த டாக்டர் புள்ளைகிட்ட மறுபடியும் சண்டைக்கு நிப்பீங்க. போன தடவையே அவன் மூஞ்சி செத்துப்போச்சு. எம்பொண்ணு வரட்டும், போதும். நீங்க இங்கயே இருந்து இந்தக் கப்பல முடிங்க. நான் திரும்பி வரும்போது முடிஞ்சிருக்கணும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். படி இறங்கும்போது இன்னொரு உத்தரவு மேலே ஏறி வந்தது: "குக்கர்ல அரிசி இருக்கு, மத்தியானம் பத்த வெச்சு மூணு விசில்ல அணைங்க!" சரி என்றேன். முடிக்க என்ன இருக்கிறது, மலையையா புரட்ட வேண்டும். ஒரு முடிச்சு. பின்மரத்தில், அதாவது பின்பக்கத்துப் பாய்மரத்தில், ஏறும் கயிற்று ஏணியில், மேலே இருந்து முதல் படியில், ஓரத்து முடிச்சு. அதைப் போட்டு நூலை நறுக்கிவிட்டால் கப்பல் முடிந்துவிடும். சின்னப் பிள்ளை செய்யும் வேலை. நான் இடுக்கியை எடுத்து நூலின் நுனியைப் பிடித்தேன், அப்புறம் மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன்.

நல்ல கப்பல். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள். எழுபத்து நான்கு பீரங்கி வைத்த ஆங்கிலேயப் போர்க்கப்பல். இந்த வகைக் கப்பல்கள் ஒரு காலத்தில் சதுரங்கப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் நேரே கடலில் நின்று பிரெஞ்சுக்காரனோடு சுட்டுக்கொண்டிருந்தன. என் கப்பலுக்குச் சுடத் தெரியாது. அதன் பீரங்கிகள் எல்லாம் தீர்ந்துபோன பேனா ரீஃபில்களின் பித்தளை முனைகள். இந்தக் குடியிருப்பில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதித் தீர்த்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவை. உடம்பு முழுக்கத் தேக்கு. பெரம்பூரில் இடித்த வீடுகளின் கதவு நிலைகளை விற்கிற பழைய மரக்கடையில் பொறுக்கியது. எந்த வீட்டு நிலையோ, எத்தனை பேர் அதில் தலையை இடித்துக்கொண்டார்களோ. பட்டை பட்டையாக அறுத்து, வளைப்பதற்கு ஆவி பிடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஆவிக்கு நான் எங்கே போவேன், வீட்டில் இருந்தது ஒரே ஒரு இட்லி குண்டான். அதில் தட்டை எடுத்துவிட்டு மரப்பட்டைகளை நிறுத்தி வேகவைத்தேன். அன்றைக்கு வேதா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டார் மேலே வந்துவிட்டார்கள். "பாருங்கம்மா, கட்டைய இட்லி குண்டான்ல வேக வெச்சிருக்காரு, நான் இன்னா சட்னி அரைக்கட்டும்?" என்று அவர்களிடம் நியாயம் கேட்டாள். அடுத்த ஒரு வாரத்துக்கு இட்லியில் தேக்கு வாசனை அடித்தது. நான் சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள். பிறகு அவளே கடைக்குப் போய் ஒரு புதுக் குண்டான் வாங்கிவந்து, பழையதை என் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, "இது கப்பலுக்கு" என்றாள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டேன். தனியாக உட்கார்ந்து சிரித்தால் வீட்டில் அந்தச் சிரிப்பு எங்கே போய் ஒட்டுவது என்று தெரியாமல் சுற்றுகிறது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருப்பார்களோ. பிளாஸ்டிக் நாற்காலி அவள் இடுப்புக்கு ஒத்துக்கொள்ளாது. தலையணை ஒன்று கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

உண்மையில் இது என் கப்பலே இல்லை, அவளுடையது. கல்யாணமான புதிது. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன், வேதா ஆற்காட்டுப் பக்கம் கலவை என்கிற ஊரில் இருந்து வந்த பெண், அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். மணலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்ளோ தண்ணிய யாருங்க காவல் காக்கிறாங்க?" என்று கேட்டாள். அவள் ஊர் ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி இருப்பாரே, மடை திறக்க, கரை பார்க்க, அந்த மாதிரி இதற்கும் ஒரு ஆள் இருக்க வேண்டாமா என்பது அவள் கேள்வி. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நான்தான் என்று சொல்லியிருப்பேன், அந்த வயதில் அப்படித்தான் சொல்வேன். இன்னொரு ஞாயிறு ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த மாதிரி ஒரு போர்க்கப்பல் இருந்தது, தூசு படிந்து, ஒரு பாய் கிழிந்து. எனக்கு அதன் கயிறுகளில் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கிரேனில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கயிறும் கப்பியும் பார்க்கிறவன்தான், ஆனாலும் இத்தனை கயிறு, இத்தனை கப்பி, ஒன்றோடு ஒன்று சிக்காமல். வேதா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்து பார்த்தாள், ஓட்டை ஓட்டையாக எட்டிப் பார்த்தாள். "இன்னா தேடுற?" என்றேன். "இதுல சோறு எங்க ஆக்குவாங்க? மரக்கப்பல்ல அடுப்பு எப்படி மூட்டுவாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. காவலாளியைக் கேட்டேன், அவர் கொட்டாவி விட்டார். வெளியில் வந்து வேர்க்கடலை தின்னும்போது பெருமையாகச் சொன்னேன், உனக்கு நான் ஒண்ணு செஞ்சு தர்றேன், சமையல்கட்டோட. அவள் நம்பிவிட்டாள். அதுதான் அவளிடம் இருக்கிற சங்கடம். நான் மறந்துபோனேன், யாழினி பிறந்தாள், இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட், அம்மாவின் இருமல், வீட்டு வாடகை, எல்லாவற்றுக்கும் நடுவில் இவள் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, கோபமில்லாமல், "என் கப்பல் இன்னா ஆச்சு?" என்பாள். ஓய்வு பெற்ற மறுவாரம் முதல் கட்டையை அறுத்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் அடுப்பைத்தான் செய்தேன். இரும்புத் தகட்டை மடித்து, கீழே செங்கல் மாதிரி சிவப்புக் கட்டம் போட்டு, ஒரு அண்டாவும் வைத்தேன். மேல்தளம் மூடிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. மூடுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "புகை போக வழி?" என்றாள். அதற்காக ஒரு புகைபோக்கி செய்து தளத்துக்கு மேலே நீட்டினேன். அது மட்டும் இப்போதும் தெரிகிறது, முன்மரத்துக்குப் பக்கத்தில்.

நடுவில் எழுந்து பற்றவைத்த குக்கர் ஒரு விசில் அடித்தது. அல்லது இரண்டாவதா? நினைத்துக்கொண்டே இருந்ததில் ஒன்றை விட்டிருப்பேனோ. இரண்டு என்றே வைத்துக்கொள்கிறேன். கை மறுபடி இடுக்கியை எடுத்தது. இந்த ஏணி என்பது ஒன்றுமில்லை, மரத்தின் உச்சியில் இருந்து கப்பலின் ஓரத்துக்கு இறங்கும் நெடுங்கயிறுகள், அவற்றின் குறுக்கே படி படியாகச் சின்னக் கயிறுகள், படி ஒவ்வொரு நெடுங்கயிற்றையும் தொடும் இடத்தில் ஒரு முடிச்சு. மாலுமிகள் அதில் கால் வைத்து மேலே ஏறுவார்கள். முன்மரத்தில் நான் கட்டிய முதல் நாலைந்து படிகளைப் பார்த்தால் சொறி பிடித்த மாதிரி இருக்கும். முடிச்சு ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று அவிழ்ந்தே போனது. இடுக்கியை வீசியெறிந்தேன். சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டு சாமிக்குக் கதம்பம் கட்டிக்கொண்டிருந்த வேதா எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது பூ கட்ற முடிச்சுதானே?" என்றாள். இல்லை, இது கடல்காரர்கள் முடிச்சு, ஐரோப்பாவில் இதற்கு, என்று நான் ஆரம்பிப்பதற்குள் நூலை வாங்கி, இரண்டு விரலில் சுற்றி, ஒரு திருப்பு, ஒரு மாட்டு, இழுப்பு. முடிச்சு உட்கார்ந்துவிட்டது. அடுத்தது. அடுத்தது. கண் தொலைக்காட்சியில் இருந்தது, அதில் யாரோ மாமியார் யாரையோ விஷம் வைத்துக் கொல்லப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை கப்பலில் இருந்தது. அன்றிலிருந்து கப்பலின் வலப்பக்கத்து ஏணிகள் எல்லாம் அவள் கட்டியவை, இடப்பக்கம் நான். ஒரு குறை உண்டு. பூ கட்டுகிற பழக்கத்தில் அவள் முடிச்சுகளை நெருக்கி நெருக்கிக் கட்டிவிட்டாள், வலப்பக்கத்தில் படிகள் அதிகம், ஒரு மாலுமி அதில் ஏறினால் கிழவி மாதிரி அடி அடியாக வைத்துத்தான் ஏற வேண்டும். அளவு தவறு என்று சொன்னேன். "கீழ விழாம ஏறட்டும்" என்றாள். பிரிக்க மனசு வரவில்லை. அவள் வீடு திரும்பும்போது படியில் எத்தனை தடவை நிற்கிறாள் என்று இப்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறேன். முன்பு மூன்று மாடியும் ஒரே மூச்சில் வருவாள், கையில் கீரைக்கட்டு வேறு.

முடிச்சைப் போடு, அறிவரசா. என் பெயர் அதுதான். கறுப்புச்சட்டைக்காரரான அப்பா ஆசையாக வைத்தது. வியாசர்பாடியில் அவர் பேசாத மேடை கிடையாது. நல்ல நேரம் பார்ப்பவர்களைக் கிண்டலடித்தே வாழ்ந்தவர், என் கல்யாணத்தை வேண்டுமென்றே ராகுகாலத்தில் வைத்தார். ஐயரில்லை, தீயில்லை, தாலியில்லை. மாலை மாற்றிக்கொண்டோம், ஒலிபெருக்கியில் வாழ்த்துரை, ஆளுக்கு ஒரு லட்டு, முடிந்தது. வேதாவின் அம்மா பந்தலில் மூலையில் நின்று அழுதாள். ஒரு மாதம் கழித்து, ஒரு காலை வேளை, காபியைக் கொடுத்துவிட்டு வேதா அப்பாவின் முன்னால் நின்றாள். "மாமா, எனக்குத் தாலி வேணும்." அப்பா பேப்பரை இறக்கினார். "தாலி என்கிறது வெறும் கயிறும்மா," என்று மேடைக் குரலில் ஆரம்பித்தார், "அதுக்கு ஒரு சக்தியும் கிடையாது, ஒரு மகிமையும் கிடையாது, மஞ்சள் தேய்ச்ச கயிறு, அவ்வளவுதான்." வேதா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "வெறும் கயிறுதானே மாமா? அப்ப கட்டிக்கிட்டா உங்களுக்கு இன்னா?" என்றாள். எத்தனையோ பேரை மேடையில் மடக்கியவர், இவளிடம் மடங்கினார். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பை அடக்க இருமல் வந்தது, பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டு அதன் பின்னால் இருந்து, "கட்டிடுடா, கயிறுதானே" என்றார். அடுப்படியில், சாதம் கொதிக்க, நான் அவள் கழுத்தில் கட்டினேன். முடிச்சு போடத் தெரியாமல் தலைமுடியைச் சேர்த்துக் கட்டிவிட்டேன். ஆ என்று கத்தினாள். அந்தக் கழுத்தின் வாசனை, மஞ்சளும் வியர்வையும் விறகுப் புகையும், இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கோவிலுக்கு வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் அவளைப் போகாதே என்று சொன்னதில்லை. கிண்டல் மட்டும் உண்டு. உன் சாமிக்கு இன்றைக்கு என்ன டிபன் என்பேன். உங்க அறிவுக்கு இன்றைக்கு என்ன டிபன் என்பாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம். இருந்தோம் என்று ஏன் சொல்கிறேன், இருக்கிறோம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பார், இதற்குக்கூட நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். வார்த்தையில் என்ன இருக்கிறது. காற்று. வாயில் இருந்து வெளியே போகும் காற்று.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மூலைதான் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கே வருவதற்கு முன்னால் நாங்கள் இருந்த, அப்பா கட்டிய வீட்டின் மூலை. சீட்டுப் போட்டு, கடன் வாங்கி, எங்கள் வீடு எழும்பியபோது கொத்தனார் பின்பக்கச் சுவரில் ஒரு சாண் இடத்தைப் பூசாமல் விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். வீட்டை முழுசாக முடிக்கக் கூடாது, முடித்தால் கட்டியவர் ஆயுளும் அதோடு முடியும் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. அம்மாவும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினாள். அப்பாவுக்கு இது போதாதா? தெருவையே கூட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியில் கலவை எடுத்து, தானே அந்த ஒரு சாண் இடத்தைப் பூசினார். பூசிவிட்டு அரை மணி நேரம் பேசினார். கைதட்டினார்கள். நான்தான் முதலில் தட்டினேன். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. பீடி. நுரையீரல் ஓட்டையாகிப் பல வருஷமாகியிருந்தது என்று டாக்டர் காட்டினார், படத்தில் நானே பார்த்தேன். சிமென்டுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம். ஒன்றுமில்லை. அம்மா சாகும் வரைக்கும் அந்த மூலையைத் தாண்டும்போது சுவரைத் தொட்டுவிட்டு, "இத்தன்னூண்டு, இத விட்டிருந்தா இன்னா" என்பாள். எத்தனை தடவை அவளோடு மல்லுக்கு நின்றிருப்பேன், படத்தைக் காட்டியிருப்பேன், பீடியைக் கணக்குச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்த ஆள் இப்போது எழுபதைத் தாண்டி, கையில் நூலை வைத்துக்கொண்டு, முடிச்சுப் போட பயந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், பயம்தான். வேறு பெயர் கிடையாது. ஆடி மாசத்தில் ஒருநாள் அவள் துணி காயப்போடக் கையைத் தூக்கியவள், சும்மா சொல்வது போல, "இங்க ஒரு கட்டி மாதிரி இருக்குங்க, பாருங்க" என்றாள். அன்றைக்குக் கப்பலில் பின்மரம் மட்டும்தான் பாக்கி. ஒரு வாரத்து வேலை. அதை இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருக்கிறேன். பாயின் ஓரம் சரியில்லை என்று பிரித்தேன். கப்பிகள் பெரிதாக இருக்கின்றன என்று மூங்கிலில் வேறு கப்பி செதுக்கினேன். நூலுக்குப் புதுசாகச் சாயம் போட்டேன், ஒரு தடவை, இன்னொரு தடவை. வெளியில் யாராவது கேட்டால் நேர்த்தி என்று சொன்னேன். கப்பல் முடியாமல் இருக்கும் வரை அவளுக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் ஒருநாளும் முழு வாக்கியமாக நினைத்ததில்லை, இப்போதுதான் முதல் முறையாக நினைக்கிறேன், நினைத்ததும் உடம்பு கூசுகிறது. அப்பா கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவார். போகட்டும். அவர் பெண்டாட்டிக்குக் கட்டி வரவில்லை.

போன் அடித்தது. யாழினி. எடுக்கும் அவசரத்தில் நூல் மேசைக்கடியில் விழுந்தது. "ப்பா, கிளம்பிட்டோம்." சொல்லு, என்றேன். "ஆட்டோல இருக்கோம், வந்துட்டே இருக்கோம்." சொல்லும்மா, டாக்டர் இன்னா சொன்னான்? "வந்து பேசறோம்ப்பா. சாப்டீங்களா?" அம்மாகிட்ட குடு. "அம்மா கண்ண மூடிட்டு சாஞ்சிருக்காங்க. வந்துடறோம்ப்பா, வெக்கறேன்." வைத்துவிட்டாள். நல்ல செய்தியாக இருந்தால் போனிலேயே கத்தியிருப்பாள், பத்தாவது ரிசல்ட்டுக்கே தெருமுனையில் இருந்து கத்திக்கொண்டு வந்தவள். இல்லை, ஆட்டோ சத்தத்தில் பேச முடியாமல் இருக்கலாம். வேதா அலுத்துப்போய்க் கண்ணை மூடியிருக்கலாம், அவள் பஸ்ஸில் ஏறினாலே தூங்குகிறவள். கெட்ட செய்தியாக இருந்தால் சாப்பிட்டீங்களா என்று கேட்பாளா? கேட்பாள். கெட்ட செய்தியாக இருந்தால்தான் கேட்பாள். வீட்டில் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் குக்கர் நினைவுக்கு வந்தது, எத்தனை விசில் அடித்ததோ யாருக்குத் தெரியும், போய் அணைத்தேன். திரும்பி வந்து தரையில் முட்டி போட்டு நூலைத் தேடினேன். மேசைக்கடியில் பழைய குண்டான், மரத்தூள், ஒரு பித்தளை முனை. நூல் கிடைத்தது. முட்டி போட்டபடியே நிமிர்ந்தபோது கப்பல் என் கண்ணுக்கு நேராக இருந்தது. கீழே இருந்து, தண்ணீரில் இருக்கிறவன் பார்க்கிற மாதிரி. மூன்று மரமும், பாயும், கயிறும். அடேயப்பா, எவ்வளவு அழகாக இருக்கிறது. இவ்வளவு நாள் கட்டிக்கொண்டே இருந்ததில் பார்க்கவே இல்லை. அந்த மூன்று பெரிய பாயும் அப்பாவின் வேட்டி. ஓரம் தைத்தது வேதா. நான் என்ன தனியாகச் செய்தேன் இதில், ஒன்றும் இல்லை. இதை அவள் முழுசாகப் பார்க்க வேண்டும். கலவையில் இருந்து வந்த பெண் வேர்க்கடலை தின்றுகொண்டு ஒரு முட்டாளை நம்பினாளே, அவள் பார்க்க வேண்டும். போட்டுவிடு. இப்போதே போட்டுவிடு, அவர்கள் வருவதற்குள். எழுந்து உட்கார்ந்தேன். நூலைச் சுற்றினேன். ஒரு திருப்பு. மாட்டு. இழுத்தால் முடிந்தது. இழுக்கவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது, என் கை மாதிரியே இல்லை. முடிவு ஏற்கெனவே தாளில் அச்சாகிவிட்டது, ஆட்டோவில் யாழினியின் கைப்பையில் இருக்கிறது, நான் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அதில் ஒரு எழுத்து மாறாது. இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம். நூலைத் திரும்ப உருவினேன்.

கீழே ஆட்டோ நின்றது. படியில் சத்தம். முதல் மாடியில் நின்றார்கள். ரொம்ப நேரம். இரண்டாவதில் நின்றார்கள். கதவைத் திறந்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்து ஏற்றிவர வேண்டும் என்று தோன்றியது, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாழினி முதலில் நுழைந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அப்போதே தெரிந்துவிட்டது. வேதா மெதுவாக உள்ளே வந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். கப்பலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கயிறுகளுக்கு நடுவே அவள் முகம் தெரிந்தது. "முடிக்கலையா?" என்றாள். நூல் நிறம் கொஞ்சம், என்று ஆரம்பித்தேன். "நூலா," என்றாள். அப்புறம், "அதுதானாம்ங்க. அந்த டாக்டர் புள்ள நல்லா பொறுமையா சொல்லிச்சு. திங்கக்கெழம வந்து சேரச் சொல்லியிருக்கு. ஆபரேஷன், அதுக்கப்புறம் மருந்து ஏத்தணும். முடியெல்லாம் கொட்டுமாம்," என்றாள். ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன போட்டார்கள் என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். நான் அவனிடம் பேசுகிறேன், வேறு டாக்டரைப் பார்க்கலாம், வேலூருக்குப் போகலாம், அந்தப் பரிசோதனையே தப்பாக இருக்கலாம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன். நான் மூச்சு வாங்கியபோது, "எனக்குத் தெரியும்ங்க," என்றாள். என்ன தெரியும்? "ஆடியில இருந்து இந்த ஒரு மரத்தையே கட்டிக்கினு அவுத்துக்கினு இருக்கீங்களே, எனக்குத் தெரியாதா? அத்தை சொல்லும்ல, செவுத்து மூலை. அதானே?" அதெல்லாம் ஒன்றுமில்லை, என்றேன். வேதா கப்பலைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. என் தலையில் கை வைத்தாள். "இவ்ளோ நாளும் முடிக்காமத்தானே வெச்சிருந்தீங்க?" என்றாள். "அப்பிடியும் வந்துடுச்சில்ல? அப்புறம் இன்னாத்துக்கு? முடிங்க, நான் பாக்கணும்."

நான் அழுதேன். மறைக்கவில்லை. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, யாழினியும் அங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், மறுபடி மங்கியது, மறுபடி துடைத்தேன். வேதா அவசரப்படுத்தவில்லை. விளக்கைக் கொஞ்சம் திருப்பி எனக்கு வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டாள். நூலைச் சுற்றினேன். ஒரு திருப்பு. மாட்டினேன். அவள் என் தோள்மேல் குனிந்து பார்த்தாள், மூச்சு என் காதில் பட்டது.

"இன்னும் கொஞ்சம் இழுங்க, தொய்யுது," என்றாள்.

இழுத்தேன்.